பலகை வந்தாச்சு

கூட்டமாக நடக்கும்போது கடைசியில் நடக்கிறவனுக்குத்தான் மற்றவர்களின் செருப்பைப் பற்றி நன்றாகத் தெரியும். முன்னால் போகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள், மேகத்தைப் பார்ப்பார்கள். நான் பதினோரு வருடமாகக் குதிகால்களைப் பார்த்தவன். யாருடைய செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, யாருக்குப் புதுச் செருப்பு கடிக்கிறது, எந்தத் தம்பதி வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து நாலடி இடைவெளி விட்டு நடக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டால் சொல்லுவேன். இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. நீங்கள் கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். தண்ணீர் வேண்டாம், இப்போதுதான் குடித்தேன்.

எங்கள் குழுவைப் பற்றி உங்களுக்கு ஓரளவு தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு காலை கீழ் நிலையத்தில் கூடுவோம். நாற்பது வருடத்துக்கு முன்னால் மூடப்பட்ட மலை ரயில்பாதை அது. தண்டவாளத்தை முக்கால்வாசி பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். குறுக்குக் கட்டைகளும், ஆற்றுப் பாலமும், ஒரு சுரங்கமும் மிச்சம். அதன்மேல் பதினாலு கிலோமீட்டர் நடந்து மேல் நிலையத்தில் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுவோம். தலைவர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. கழுத்தில் விசில் தொங்கும். அவருக்கு இன்ஜின் டீச்சர் என்று பெயர், அந்தப் பெயர் அவருக்கே பிடிக்கும். நாங்கள் 'கிளம்பலாம்' என்று சொல்லமாட்டோம், 'லைன் கிளியர்' என்போம். தாமதமாக வருகிறவருக்கு 'லேட் ரன்னிங்' என்று பெயர். இத்தனைக்கும் ரயிலில் ஏறினால் வாந்தி எடுக்கிறவர்கள் இரண்டு பேர் எங்கள் குழுவில் உண்டு.

நான் வால். வால் சார் என்று கூப்பிடுவார்கள்.

ஓடுகிற ரயிலின் கடைசிப் பெட்டியில் ஒரு சிவப்புப் பலகை மாட்டியிருப்பார்கள். ரயில் கடந்து போகும்போது நிலையத்துக்காரர் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நிற்கமாட்டார். கடைசியில் அந்தப் பலகை தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பார். தெரிந்தால் வண்டி முழுசாக வந்துவிட்டது, வழியில் எதுவும் கழன்று நிற்கவில்லை என்று அர்த்தம். இதை எங்கிருந்தோ படித்துவிட்டு வந்த டீச்சர் எங்கள் நடையிலும் புகுத்தினார். பலகையை நான்தான் செய்தேன். சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத் தகரம், சிவப்புப் பெயின்ட், நடுவில் வெள்ளைக் குறுக்குக்கோடு. கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்வேன். பாலத்தின் முடிவில், சுரங்கத்தின் வாயில், ஒவ்வொரு இடத்திலும் எல்லாரும் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். நான் தெரிந்ததும் டீச்சர் கத்துவார்:

"பலகை வந்தாச்சு."

எல்லாரும் அதைத் திருப்பிச் சொல்வார்கள். அப்புறம்தான் அடுத்த அடி. தலையை எண்ணுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. ஒருமுறை எங்கள் குழுவில் இருக்கிற பல் டாக்டர், எதற்கும் எண்ணிப் பார்த்துவிடலாமே என்றார். டீச்சர் அவரை வகுப்பில் வாய் பேசிய மாணவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நாம என்ன ஆட்டு மந்தையா டாக்டர், எண்ணிப் பாக்க? பலகை வந்தா எல்லாரும் வந்தாச்சு."

இருபத்தெட்டுப் பேர் நான் வந்து சேர்ந்ததற்காகச் சந்தோஷப்படுகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான். வீட்டில் நான் வந்தால் கதவைச் சாத்து என்பார்கள்.

அலுவலகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்கள் எழுத்தர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார். இருபத்தொன்பது வருடம் வருகைப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. நானூறு பேர் என் மேசையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பத்து மணிக்குச் சிவப்புக் கோடு இழுப்பேன். அந்தக் கோட்டுக்கு மேலே வருவதற்காக மேலாளர்களே படியில் ஓடிவந்திருக்கிறார்கள். பிறகு ஒரு நாள் வாசலில் கைரேகை இயந்திரம் வைத்தார்கள். அதில் முதல் ஆளாக விரல் வைக்கச் சொன்னது என்னைத்தான். மூன்று தடவை வைத்தேன், அடையாளம் தெரியவில்லை என்றது. இத்தனை வருடம் பக்கம் புரட்டிப் புரட்டி ரேகை தேய்ந்துவிட்டதாம். எல்லாரும் சிரித்தார்கள். மீதி வேலைக்காலத்தைக் காகிதக் கட்டு வைக்கிற அறையில் கழித்தேன். நேற்று உங்கள் ஆட்களும் மூன்று தடவை எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். நான் அப்போதே சொன்னேன், கேட்கவில்லை.

கார்டு எங்கள் குழுவில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நிஜமான ரயில்வே கார்டு. எழுபதைத் தாண்டியவர், மனைவி இல்லை, மகள் வேறு ஊரில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாலு வருடம் இதே மலைப்பாதையில்தான் கடைசிப் பெட்டியில் நின்று போய்வந்திருக்கிறார். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். எதற்கெடுத்தாலும் கடிகாரத்தைப் பார்த்து அதில் நேரம் குறிப்பார். பாலம் 9.35. தேநீர் 9.50. ஒரு குரங்கு பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியபோதுகூட, பையின் சொந்தக்காரி அலறிக்கொண்டிருக்க, இவர் நேரத்தைக் குறித்தார்.

முதல் நாளே என் முன்னால் வந்து நின்று மார்பைப் பார்த்தார்.

"என்ன சார், வால முன்னாடி மாட்டிருக்கீங்க?"

இருபத்தெட்டுப் பேரும் சிரித்தார்கள். பல் டாக்டருக்குத் தேநீர் மூக்கு வழியாக வந்தது. அந்த டாக்டருக்கு நான் மூன்று தடவை சுளுக்கு எடுத்துவிட்டிருக்கிறேன்.

"தப்பா நெனைக்காதீங்க. வால் பலகை பின்பக்கம் பாத்துதான் இருக்கணும். வண்டி தாண்டிப் போனதுக்கப்புறம்தானே அத பாப்பாங்க? முன்னாடி தொங்கினா தூரத்துலருந்தே தெரிஞ்சிடும், நிக்காம போயிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே என் கழுத்தில் கையை வைத்துக் கயிற்றைத் திருப்பி, பலகையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டார். மெதுவாகத்தான் தள்ளினார். ஆனால் அதுவரை யாரும் அந்தப் பலகையைத் தொட்டதில்லை. பதினோரு வருடம் மார்பில் பதக்கம்போல மாட்டிக்கொண்டு நடந்தது தப்பு என்று ஒரு நொடியில் ஆகிவிட்டது. அவர் நகர்ந்ததும் மறுபடி முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டேன். என் கண்ணுக்குத் தெரியாத பலகையை நான் எதற்குச் சுமக்க வேண்டும்?

அவர் கெட்டவர் இல்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள். கெட்டவராக இருந்தால் மற்றவர்களோடு சேர்ந்து நானும் அவரைத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். எல்லாம் தெரிந்த, யாரையும் புண்படுத்தாத மனிதரை என்ன செய்வது? சுரங்கத்துக்குள் அங்கங்கே பெயர்க்காமல் விட்ட தண்டவாளத் துண்டுகள் உண்டு. ஒரு கல்லை எடுத்து அதில் இரண்டு தட்டுத் தட்டுவார். முன்னால் போகிறவர்கள் பதிலுக்கு இரண்டு தட்ட வேண்டும். கேட்டது என்று அர்த்தம். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லாம் கல்லும் கையுமாகத் தட்டிக்கொண்டு போனார்கள். சாப்பிடும்போது ரயில்வே விதிகளைச் சொல்வார், வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அதில் ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"வழியில வண்டி நின்னுபோச்சுன்னா ஒதவி கேட்டு ஆள் அனுப்புவோம். வரோம்னு பதில் வந்துடுச்சுன்னா அப்புறம் வண்டிய ஓரடி நகத்தக் கூடாது. இன்ஜின் தானா சரியானாக்கூட நகத்தக் கூடாது. நின்ன எடத்துலயே நிக்கணும். வரவன் நம்ம இங்க இருக்கோம்னு நம்பித்தானே வருவான்?"

டீச்சர் அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். நான் சொன்ன எதையும் அவர் ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை.

ஏழாவது மாதம் டீச்சர் எனக்குப் போன் செய்தார். குரலில் ஏகப்பட்ட சர்க்கரை.

"வால் சார், பதினோரு வருஷமா நீங்க பட்ட பாட்டுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நீங்களும் எவ்வளவு நாள்தான் பின்னாடியே நடப்பீங்க? நிஜமான கார்டு ஒருத்தர் இருக்கும்போது பலகைய அவர்கிட்ட குடுத்தா அழகா இருக்கும், இல்ல? வர ஞாயித்துக்கெழமை சுரங்கம் தாண்டினதும் ஒரு சின்ன விழா மாதிரி வெச்சு மாத்திக்கலாம். நீங்க முதலுதவிப் பெட்டிய பாத்துக்குங்க."

முதலுதவிப் பெட்டியில் என்ன இருக்கிறது தெரியுமா? பஞ்சு ஒரு சுருள், காலாவதியான தைலம், ஒரு கத்தரிக்கோல். போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சு. முட்டி வலி முட்டி வலின்னு எனக்குத்தானே தைலம் தேய்க்கிற வேல" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "அய்யே, ஒரு தகரத்துக்குப் போயா மூஞ்ச தூக்கி வெச்சிருக்கீங்க?" என்றாள்.

தகரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாவது தடவையாக என் இடத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை அது இயந்திரம், கோபப்பட்டுப் பிரயோசனமில்லை. இந்தத் தடவை அதற்கு ஒரு முகம் இருந்தது, அது சிரித்த முகமாகவும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்.

கார்டு அன்று காலையிலிருந்து என் கூடவே நடந்தார். அடுத்த மாதத்திலிருந்து அவர் பொறுப்பல்லவா, பழகிக்கொள்கிறாராம். இருவரும் பேசிப் பேசிப் பின்தங்கிவிட்டோம். பாலத்தின் நடுவில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நான் இத கேக்கல சார். டீச்சராத்தான் சொன்னாங்க. உங்களுக்கு வருத்தமா இருந்தா நீங்களே வெச்சுக்குங்க, எனக்கு அதுதான் சந்தோஷம். நானே அவங்ககிட்ட சொல்லிடறேன்."

நன்றாகக் கவனியுங்கள். அவர் அப்போதே பலகையை எனக்கே கொடுத்துவிட்டார். நான் செய்து, நான் பெயின்ட் அடித்து, நான் சுமந்த பலகையை எனக்கே தானம் செய்கிறார். அதை வாங்கிக்கொண்டு 'ரொம்ப நன்றி' என்று சொல்ல வேண்டுமாம். நான் பலகையை நேராக்கிவிட்டுக்கொண்டேன். நடந்தோம்.

சுரங்கத்துக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கதவு உண்டு. மேலிருந்து கல் விழுகிறது, உள்ளே யாரும் போகக் கூடாது என்று போட்டது. மாதம் ஒரு நாள் எங்களுக்கு மட்டும் அனுமதி. எந்தப் பக்கம் நின்றும் சாவி போடலாம்; திறக்க முன்னால் போகிற டீச்சரிடம் ஒரு சாவி, பூட்ட என்னிடம் ஒரு சாவி. உள்ளே நுழைந்ததும் முதல் கதவை உட்பக்கமாகப் பூட்ட வேண்டும், வெளியேறியதும் அடுத்த கதவை வெளிப்பக்கமாகப் பூட்ட வேண்டும். முதல் கதவைப் பூட்டினேன். மற்றவர்கள் பாலத்தின் முடிவிலும் சுரங்க வாயிலிலும் என் மார்புப் பலகையைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, கூட யார் வருகிறார் என்று பாராமல், கத்திவிட்டு நடந்து, அதற்குள் வளைவைத் தாண்டிப் போயிருந்தார்கள், அவர்கள் டார்ச் வெளிச்சம்கூடத் தெரியவில்லை. சுவரில் ஆள் ஒதுங்கி நிற்பதற்காகக் குடைந்த மாடங்கள் இருக்கின்றன, மேல்பக்கக் கதவிலிருந்து தொடங்கி எண் போட்டிருக்கும். பதினோராவது மாடத்தில் அவர் நின்றார். அங்கே தாரால் கிறுக்கிய ஒரு பழைய தேதி இருந்தது. அவர் இளம் வயதில் கிறுக்கியதாம். எனக்கு நன்றாகத் தெரியட்டும் என்று டார்ச்சை உயர்த்திக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். ஓரமாக ஓடுகிற சாக்கடையின் மேல்மூடிக் கல் உடைந்து கால் உள்ளே போனது.

நான் தள்ளவில்லை. இதைத் தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். பாதம் இருக்க வேண்டிய திசையில் இல்லை. முகம் வெளுத்துவிட்டது, ஆனால் சத்தம் போடவில்லை. என்னைத்தான் சமாதானப்படுத்தினார்.

"பதறாதீங்க சார். போய் நாலு பேர கூட்டிட்டு வாங்க. நான் எங்க போயிடப் போறேன், இங்கயேதான் இருப்பேன்."

பிறகு சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நிலைமையிலும்.

சுரங்கத்துக்குள் போன் எடுக்காது, அதனால் உதவி கூப்பிடத்தான் போனேன். அங்கிருந்து வெளிக்கதவுக்கு ஆறு நிமிட நடை. அந்த ஆறு நிமிடமும் நான் நல்ல மனிதனாகத்தான் இருந்தேன், அதை யாரும் மறுக்க முடியாது. வேகமாக நடந்தேன், முட்டி வலியைப் பார்க்கவில்லை. வழக்கம்போலப் பலகையை முன்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் கண் கூசியது. இரண்டு வரிசையாக நின்றிருந்தார்கள், நடுவில் எனக்கு வழி. ஒரு பெரிய அட்டையில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு 'பதினோரு வருடப் பாதுகாப்புக்கு நன்றி' என்று எழுதிப் பிடித்திருந்தார்கள். டீச்சர் விசில் ஊதினார்.

"பலகை வந்தாச்சு."

எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். பிறகு கை தட்டினார்கள். நான் ஓய்வுபெற்ற அன்று அந்தக் காகித அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. எனக்காக யாராவது கை தட்டி அன்றுதான் கேட்கிறேன். அது நிற்கட்டும், நின்றதும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர்கள் நிறுத்தவில்லை. பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பலகை வந்தாச்சு என்று சொல்லிவிட்டார்கள். வந்தபிறகு, உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று நான் சொன்னால் பதினோரு வருடப் பாதுகாப்பு என்னாவது?

"கார்டு ஐயா எங்க?" என்றார் டீச்சர்.

"பாலத்துலயே திரும்பிட்டார். முட்டி வலியாம். பலகைய என்னையே வெச்சுக்கச் சொல்லிட்டார்."

இதில் பாதிதான் பொய் என்பதைக் கவனித்திருப்பீர்கள். டீச்சருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் கூட்டம் மறுபடி கை தட்டியது. நான் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திப் பூட்டினேன். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பது என் பழக்கம். இழுத்துப் பார்த்தேன். அன்று மதியம் இரண்டு முட்டை சாப்பிட்டேன். ஒரு வாரமாக இறங்காத சோறு இரவில் இறங்கியது.

"இன்னிக்குத்தான் மூஞ்சி தெளிஞ்சிருக்கு" என்றாள் மனைவி.

திங்கட்கிழமை போய்த் திறந்துவிடலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் தோன்றியது. குளித்து, சட்டை மாற்றி, சாவியைக்கூட எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு நாள் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். இருபத்தொன்பது வருடம் மற்றவர்கள் எழுதித் தந்த காரணங்களை வாங்கி வைத்தவன் நான். பஸ் வரவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல், கடிகாரம் நின்றுவிட்டது. ஒன்றுகூட எனக்குப் பொருந்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலை கார்டின் மகள் டீச்சருக்குப் போன் செய்தாள். செவ்வாய்க்கிழமை தேடப் போனோம். நீங்களும் வந்திருந்தீர்கள். பாலத்தடியில் பேன்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றீர்கள், பார்த்தேன். அந்தச் சுரங்கத்தையும் திறந்து பார்த்துவிடலாமா என்று நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். டீச்சர் உங்களுக்குப் பாடம் எடுத்தார். பாலத்தில் திரும்பிய ஆள், இரண்டு பக்கமும் பூட்டிய சுரங்கத்துக்குள் எப்படி வருவார், பலகை வெளியே வந்தபிறகு உள்ளே ஆள் இருக்கவே முடியாது, நூறு வருட ரயில்வே நடைமுறை என்றார். நீங்களும் தலையை ஆட்டிவிட்டு மறுபடி தண்ணீரில் இறங்கினீர்கள். நான் உங்களைக் குறை சொல்லவில்லை. விதி என்று சொன்னால் எல்லாரும் அடங்கிவிடுவோம்.

தேடப் போன கூட்டத்துக்கும் ஒரு வால் வேண்டும் அல்லவா, பலகையை என் கழுத்திலேயே மாட்டினார்கள். மேல்பக்கக் கதவுக்கு வந்தபோது மணி நாலு இருக்கும். மகள் அந்தக் கதவில் கை வைத்து நின்றாள்.

"இதுக்குள்ள பாத்தாச்சா டீச்சர்?"

"பலகை வந்தாச்சும்மா. பலகை வந்துட்டா உள்ள யாரும் இல்லன்னு அர்த்தம். உங்கப்பாதான் எங்களுக்கு இதெல்லாம் சொல்லிச் சொல்லி மனசுல ஏத்தினவரு."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். சாவி என் பையில் இருந்தது, தொட்டால் சுடவெல்லாம் இல்லை. எல்லாரும் நகர்ந்தார்கள். செருப்பு வார் கழன்றிருந்ததால் நான் கொஞ்சம் நின்று, சரிசெய்துகொண்டு வந்தேன்.

அதன்பின் அடுத்த மாத ஞாயிறுவரை சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் இரவோடு இரவாகப் போய் எல்லாவற்றையும் சுத்தம் செய்திருக்கலாமே, நோட்டையாவது எடுத்திருக்கலாமே என்று உங்கள் உதவியாளர் ஆச்சரியப்பட்டார். அவருக்கு ஒன்று சொல்லுங்கள். அந்தக் கதவு மாதத்தில் ஒரு நாள்தான் திறக்க வேண்டும் என்பது அனுமதிக் கடிதத்தில் இருக்கிறது. பதினோரு வருடத்தில் நான் அதை ஒரு தடவைகூட மீறியதில்லை.

அந்த மாத நடையைக் கார்டு ஐயா பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்ற வேண்டுதலோடு நடத்தலாம் என்றார் டீச்சர். மகளும் வந்தாள். அவளை முன்னால், தன் பக்கத்தில் நடக்கவைத்துக்கொண்டார். டீச்சர் கதவைத் திறந்தார். எல்லாரும் உள்ளே போனதும் பூட்டினேன். கடைசியில் நடந்தேன். பதினோராவது மாடத்தில் அவர் இல்லை. அது எனக்கே வியப்பாக இருந்தது. பிறகு வளைவுக்கு அப்பால், கதவுக்குப் பக்கத்திலிருந்து முதலில் டீச்சரின் குரலும், அப்புறம் அந்தப் பெண்ணின் குரலும் கேட்டன. விசில் சத்தம் கேட்கவில்லை. நான் என் வேகத்திலேயே நடந்து கடைசியாகப் போய்ச் சேர்ந்தேன். யாரும் பலகை வந்தாச்சு என்று சொல்லவில்லை.

நோட்டை நீங்கள் படித்துவிட்டீர்கள். என்னையும் படிக்கவைத்தீர்கள். முதல் வரி, 10.52, கால் முறிந்தது, வால் சார் உதவிக்குப் போயிருக்கிறார். பாலத்தில் திரும்பிய ஆள் எழுதுகிற வரி இல்லை அது. நான் மாட்டியது அந்த ஒரு வரியில்தான். ஆனால் மற்ற வரிகளைப் பாருங்கள். 11.05, கதவு பூட்டும் சத்தம். பழக்க தோஷத்தில் பூட்டியிருப்பார். 12.30, ஸ்ட்ரெச்சர் கொண்டுவரக் கீழே போயிருப்பார்கள். 5.00, பாதையில் ஏதோ தடங்கல். என்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. இத்தனை காரணங்களை அவரே எனக்காக எழுதி வைத்திருக்கிறார், திங்கட்கிழமை எனக்கு ஒன்றுகூடத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலையிலிருந்து தவழ ஆரம்பித்திருக்கிறார். அதையும் ரயில் நேரம்போலக் குறித்திருக்கிறார். பத்தாவது மாடம் 7.10. ஒன்பது 9.40. எட்டில் சாக்கடைத் தண்ணீர் குடிக்க நிறுத்தம். இரவு ஆறாவது மாடத்தில். செவ்வாய் மதியம் நாலாவது. 3.50க்கு மூன்றாவது. அங்கிருந்து கதவுக்கு எழுபது, எழுபத்தைந்து மீட்டர். தொண்டையில் சத்தம் இல்லை என்று எழுதியிருக்கிறார். அப்புறம் 4.08, வெளியே ஆட்கள் குரல். மகள் குரலும் இருக்கிறது. தண்டவாளத்தில் தட்டுகிறேன்.

அடுத்த வரியில்தான் உங்களுக்குச் சந்தேகம். 4.11, பதில் வந்தது, இரண்டு தட்டு. இது காய்ச்சலில் அவர் கற்பனை செய்துகொண்டது என்று உங்கள் மருத்துவர் குறிப்பு எழுதியிருக்கிறாராம். அதைத் திருத்தச் சொல்லுங்கள். அந்த மனிதர் நேரத்தில் ஒருநாளும் தப்பு செய்ததில்லை.

என் செருப்பு வார் கழலவில்லை. எல்லாரும் போனபிறகு கேட்டேன், உள்ளேயிருந்து இரண்டு தட்டு, மெதுவாக, கல் இரும்பில் படுகிற சத்தம். திறந்தால் எல்லாம் போய்விடும். ஆனால் ஒருவர் தட்டும்போது பதில் தட்டாமல் போவது என் வளர்ப்பு இல்லை. பலகையைக் கழுத்திலிருந்து கழற்றி அதன் விளிம்பால் கதவில் இரண்டு தட்டினேன். பிறகு கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டேன்.

அவருடைய கடைசி வரி அதற்கு அடுத்தது. கேட்டுவிட்டார்கள், வருகிறார்கள், இனி நகரக் கூடாது.

மூன்றாவது மாடத்திலேயே இருந்திருக்கிறார். அதுவரை உடைந்த காலோடு எட்டு மாடம் தாண்டியவர், அதன்பின் ஓரடிகூட நகரவில்லை. மறுபடி தட்டவுமில்லை, தட்டியிருந்தால் எழுதியிருப்பார். தேடும் ஆட்கள் புதன்கிழமையும் அந்தக் கதவைத் தாண்டிப் போனார்கள், வியாழக்கிழமையும் போனார்கள். கதவருகே வந்து ஒரு கல்லால் அடித்திருந்தாலே போதும். பதில் வந்தபிறகு நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்பது விதி, அதனால் நின்றார்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். கைரேகை கேட்காதீர்கள், விழாது. இருபத்தெட்டுப் பேருக்கும் நான் கழுத்தில் தகரம் மாட்டிக்கொண்ட ஒரு வால், கேலிப்பொருள். இரண்டு தட்டுத் தட்டியதும் என்னை நிஜமான ரயில்வேக்காரன் என்று முழுசாக நம்பியவர் அவர் ஒருவர்தான். அந்த ஒரு மரியாதையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.